தரவுத்தொகுப்புக்கு மீதரவு எழுதுவது எப்படி: தேடுபவர் கையில் கிடைக்கவும், மேற்கோளில் இடம் பெறவும்

கேள்வி இது: "மூன்று ஆண்டுகள் அளந்து சேர்த்த மண் ஈரப்பதத் தரவை, கட்டுரை வெளியானதும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். யார் கண்ணிலும் படவில்லை. பயன்படுத்திய ஓரிருவரும் நன்றியுரையில் ஒரு வரி எழுதினார்களே தவிர, முறையாக மேற்கோள் காட்டவில்லை. மெட்டாடேட்டா, அதாவது தரவை விவரிக்கும் மீதரவு, சேர்க்கச் சொல்கிறார்கள். டப்ளின் கோர், டேட்டாசைட், ஸ்கீமா.ஆர்க் என்று பல தரங்கள் இருக்கின்றன. எதை எடுப்பது? எவ்வளவு எழுதுவது?"

எதை எடுப்பது என்பதற்குப் பதில் சுருக்கமானது. டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கொடுக்கும் ஒரு நல்ல களஞ்சியத்தில் தரவை வையுங்கள். தரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். எவ்வளவு எழுதுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மீதரவு என்றதும் பலர் படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட பெட்டிகளை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டிகள் மேற்கோளுக்குப் போதும். தேடுபவர் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்தவர் நம்பிப் பயன்படுத்தவும் தேவையான செய்தி இன்னும் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, மனிதரும் இயந்திரமும் படிக்கும்படி எழுதி வைப்பதுதான் இந்த வேலை. தரவைச் சேர்த்தவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலையும் கூட.

முதலில் இடத்தைப் பற்றி. சொந்த இணையப் பக்கத்திலோ பல்கலைக்கழகத்தின் துறைப் பக்கத்திலோ கோப்பை வைத்து இணைப்பு கொடுப்பது நீண்ட நாள் நிற்காது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, 2 முதல் 22 ஆண்டு வயதுள்ள 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் தரவு இன்னும் இருக்கிறதா என்று ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, தரவு எஞ்சியிருக்கும் சாத்திய விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. மின்னஞ்சல் முகவரி மாறிவிடுகிறது, வன்தட்டு பழுதாகிறது, மாணவர் படிப்பை முடித்துப் போய்விடுகிறார். யாருடைய அலட்சியமும் இல்லாமலே இதெல்லாம் நடக்கும்.

டிஓஐ இந்தச் சிக்கலில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது. 10 என்று தொடங்கும் ஒரு முன்னொட்டு, சாய்கோடு, பிறகு ஒரு பின்னொட்டு. அவ்வளவுதான் அதன் வடிவம். கோப்பு எங்கே மாறிப் போனாலும், களஞ்சியம் புதிய முகவரியைப் பதிவேட்டில் திருத்திவிடும். உங்கள் மேற்கோளில் இருக்கும் எண் மாறாது. தரவே நீக்கப்பட்டுவிட்டால்கூட, 'இது இருந்தது, இன்ன காரணத்தால் எடுக்கப்பட்டது' என்று சொல்லும் பக்கத்துக்கு அந்த எண் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது முறை. தரவுகளுக்கு டிஓஐ பதிவு செய்யும் பெரிய அமைப்பு 2009-ல் தொடங்கிய டேட்டாசைட். தனி மனிதர் நேரடியாக அங்கே போய் எண் வாங்குவதில்லை. அதோடு இணைந்த களஞ்சியங்கள் வழியாக வாங்குகிறோம். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஸெனோடோ 2013 முதல் எல்லாத் துறைகளுக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. டிரையட், ஃபிக்‌ஷேர், டேட்டாவெர்ஸ் ஆகியவையும் உண்டு. உங்கள் துறைக்கென்று ஒரு களஞ்சியம் இருந்தால், அதையே முதலில் பாருங்கள். ரீ3டேட்டா என்ற பதிவேட்டில் துறை வாரியாகக் களஞ்சியங்களைத் தேடலாம். துறைக் களஞ்சியத்தில் இருப்பவர்கள் உங்கள் தரவின் இயல்பை அறிந்து கேள்வி கேட்பார்கள். அது பொதுக் களஞ்சியத்தில் கிடைக்காத உதவி.

நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்தால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. வேலை செய்யும் இடமாக அது அருமையானது. ஆனால் அங்கே இருப்பதை உரிமையாளர் எந்த நேரமும் அழிக்கலாம், பெயர் மாற்றலாம். ஒரு வெளியீட்டை எடுத்து ஸெனோடோவில் சேமித்து டிஓஐ வாங்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, தரங்களின் குடும்பத்தைக் கொஞ்சம் பார்ப்போம். டப்ளின் கோர் 1995-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் ஊரில் நடந்த பட்டறையில் பிறந்தது. 15 அடிப்படைக் கூறுகள் கொண்டது. எதற்கும் பொருந்தும், அதனாலேயே மிகப் பொதுவானது. டேட்டாசைட்டின் தரம் ஆய்வு வளங்களின் மேற்கோளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஸ்கீமா.ஆர்க் 2011-ல் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய சொற்தொகுதி. அதில் தரவுத்தொகுப்புக்கென ஒரு வகை உண்டு. டிகேட் என்பது தரவுப் பட்டியல்களுக்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தந்த தரம். அரசுத் திறந்த தரவுத் தளங்கள் பலவும் இதைப் பின்பற்றுகின்றன. இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தலைப்பு எதிலும் தலைப்புதான், உருவாக்கியவர் எதிலும் உருவாக்கியவர்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அட்டவணைகள் ஏற்கெனவே இருக்கின்றன, களஞ்சியம் அதைத் தானாகவே செய்துவிடும். நீங்கள் ஒருமுறை நிரப்பும் படிவம் டேட்டாசைட்டுக்கு ஒரு வடிவத்திலும், தேடுபொறிக்கு வேறொரு வடிவத்திலும் போய்ச் சேரும். ஆகவே தரத்தின் பெயரை வைத்துக் கவலைப்பட்டு நாளைக் கழிக்க வேண்டாம். புதிதாகச் சொந்தமாக ஒரு தரம் உருவாக்கும் ஆசை வந்தால், அதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். உங்கள் புலப் பெயர்கள் (படிவப் பெட்டிகளின் பெயர்கள்) எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு எந்த இயந்திரத்துக்கும் அவை புரியாது.

டேட்டாசைட் கட்டாயம் கேட்பவை ஆறு: அடையாளக்குறி, உருவாக்கியவர், தலைப்பு, வெளியீட்டாளர், வெளியிட்ட ஆண்டு, வளத்தின் வகை. மேற்கோள் வரி ஏறக்குறைய இவற்றாலேயே அமைகிறது. இந்த ஆறில் எளிமையாகத் தோன்றி அதிகம் சிக்கல் தருவது உருவாக்கியவர் புலம்.

ஐரிஸ் தரவு இதற்கு நல்ல சாட்சி. புள்ளியியலும் இயந்திரக் கற்றலும் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தொகுப்பு: மூன்று வகை ஐரிஸ் பூக்கள், வகைக்கு 50, ஆக 150 வரிசைகள், நான்கு அளவுகள். பூக்களைச் சேகரித்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். அதை 1936-ல் தன் கட்டுரையில் அட்டவணையாக வெளியிட்டவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். ஆண்டர்சனின் பங்கை ஃபிஷர் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். ஆனாலும் உலகம் அதைப் பெரும்பாலும் 'ஃபிஷரின் ஐரிஸ் தரவு' என்றே அழைக்கிறது. இயந்திரக் கற்றல் தொகுப்புகளை வைத்திருக்கும் யூசிஐ களஞ்சியத்தில் ஃபிஷர் பெயரில் இருக்கிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் உதவிப் பக்கமோ அதே தரவை எட்கர் ஆண்டர்சனின் தரவு என்கிறது. குனிந்து பூவை அளந்தவரின் பெயர் மேற்கோளில் பல இடங்களில் விழாமல் போனதற்கு, யார் என்ன செய்தார் என்று சொல்லும் புலங்கள் அன்று இல்லாததும் ஒரு காரணம். இன்று இருக்கின்றன. டேட்டாசைட் தரத்தில் பங்களித்தவர் என்று தனிப் புலம் உண்டு. அதில் தரவு சேகரித்தவர், தரவைப் பராமரித்தவர், திட்டத் தலைவர், தொடர்பு நபர் என்று பங்கைக் குறிக்கலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: மேற்கோள் வரியில் வருவது உருவாக்கியவர் புலத்தில் இருப்பவர்கள் மட்டும்தான். பங்களித்தவர் புலத்தில் போட்டால் பதிவில் பெயர் இருக்கும், மேற்கோளில் இருக்காது. ஆகவே களத்தில் நின்று அளந்தவர்களையும், தரவைச் சுத்தம் செய்தவர்களையும் உருவாக்கியவர் பட்டியலில் சேர்க்கலாமா என்று முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கட்டுரையின் ஆசிரியர் பட்டியலை அப்படியே இங்கே ஒட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அது நியாயமில்லை. கட்டுரை எழுதியவர்களும் தரவை உருவாக்கியவர்களும் எப்போதும் ஒரே ஆட்கள் அல்லர்.

பெயரோடு ஆர்கிட் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க அடையாளம் அது. ஒரே பெயரில் பல ஆய்வாளர்கள் இருப்பது ஒரு பக்கம். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாமல் தலைப்பெழுத்தோடு எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: படிவம் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு பெட்டிகளைக் காட்டும், ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் நிரப்பினால் ஒரே ஆள் இரண்டு ஆட்களாகிவிடுவார். எண் ஒன்றாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது. நிறுவனங்களுக்கும் இதே போல ரோர் என்ற பதிவேடு 2019 முதல் இருக்கிறது. நிதி தந்த அமைப்பையும் மானிய எண்ணையும் அவற்றுக்குரிய புலத்திலேயே எழுதுங்கள். விவரிப்புக்குள் புதைத்தால் எந்த இயந்திரமும் எடுக்காது.

வெளியீட்டாளர் என்ற புலத்தில் களஞ்சியத்தின் பெயர் வரும், ஆய்விதழின் பெயர் வராது. வெளியிட்ட ஆண்டு என்பது தரவு பொதுவில் கிடைக்கத் தொடங்கிய ஆண்டு. அளந்த ஆண்டுகளுக்குத் தனியாகத் தேதிப் புலம் இருக்கிறது. அதில் 'சேகரித்தது' என்ற வகையைத் தேர்ந்து, ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையில், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே சாய்கோடு போட்டு எழுதுங்கள். 03/04/2019 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பதிப்பு. மறுபடியும் ஐரிஸுக்கே வருகிறேன். யூசிஐ-யில் நெடுங்காலமாகப் புழங்கிய பிரதியில் 35-வது, 38-வது வரிசைகள் ஃபிஷரின் அட்டவணையிலிருந்து வேறுபடுகின்றன. ஆர் மென்பொருளோடு வரும் பிரதியில் அந்தப் பிழைகள் இல்லை. 150 வரிசைகளில் இரண்டுதான். ஆனால் 'ஐரிஸ் தரவைப் பயன்படுத்தினோம்' என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்தப் பிரதி என்று அந்தச் சொற்களை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய, இவ்வளவு புகழ் பெற்ற தொகுப்புக்கே இந்த நிலை என்றால், மாதந்தோறும் திருத்தப்படும் பெரிய தொகுப்புகளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வெளியிட்ட கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. ஓர் எண்ணைத் திருத்தினாலும் புதிய பதிப்பு, என்ன மாறியது என்று இரண்டு வரிக் குறிப்பு. ஸெனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ கிடைக்கும். எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் குறிக்கும் பொது டிஓஐ ஒன்றும் உண்டு. தொகுப்பை மொத்தமாகக் குறிப்பிடப் பொது எண். கணக்குப் போட்டு முடிவு சொல்லும் கட்டுரையில் பயன்படுத்திய பதிப்பின் எண். இந்த வேறுபாட்டை உங்கள் விவரிப்பிலேயே எழுதிவிட்டால், பயன்படுத்துபவர் தவறாக எடுக்க வாய்ப்புக் குறைவு. தொடர்ந்து வளரும் தரவுத்தளங்களுக்கு இது போதாது. அங்கே எந்த வினவலை எந்த நேரத்தில் ஓட்டினார்கள் என்பதையே பதிவு செய்து அதற்கு அடையாளம் தர வேண்டும் என்று ரிசர்ச் டேட்டா அலையன்ஸ் 2015-ல் பரிந்துரைத்தது. உயிரினங்களின் பரவலைத் தொகுக்கும் ஜிபிஐஎஃப் இதை நடைமுறையில் காட்டுகிறது: நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் ஒரு டிஓஐ தருகிறது, அந்த எண்ணிலிருந்து மூலத் தொகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. சிறு குழுவினர் அனுப்பிய நூறு பதிவுகளுக்கும்கூட உரிய பெயர் போய்ச் சேர்கிறது. இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று இது என்று நினைக்கிறேன்.

இனி தேடலுக்கு வருவோம். தேடுபவருக்கு உங்கள் பெயர் தெரியாது, கட்டுரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தன் கேள்வி மட்டும். அவர் தட்டும் சொற்கள் உங்கள் தலைப்பிலும் விவரிப்பிலும் இருந்தால்தான் சந்திப்பு நடக்கும். 'துணை அட்டவணை 2', 'இறுதித் தரவு', 'கட்டுரைக்கான தரவு' என்ற தலைப்புகள் யாரையும் அழைத்து வராது. என்ன அளந்தீர்கள், எங்கே, எப்போது, எவ்வளவு நுணுக்கமாக என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். உங்கள் தரவுக்கு இப்படி வைக்கலாம்: 'மூன்று ஆழங்களில் மணிக்கொரு முறை அளந்த மண் ஈரப்பதமும் வெப்பநிலையும், 2018–2021', கூடவே அளந்த பகுதியின் பெயர்.

விவரிப்பில் பலர் கட்டுரையின் சுருக்கத்தை ஒட்டிவிடுகிறார்கள். அது முடிவுகளைச் சொல்லும், தரவைச் சொல்லாது. கூகுளின் தரவுத்தொகுப்புத் தேடல், பெயரும் விவரிப்பும் இல்லாத பக்கத்தை ஏற்பதில்லை. விவரிப்பு 50 எழுத்துக்குக் குறையாமலும் 5000-க்கு மேல் போகாமலும் இருக்கச் சொல்கிறது. இந்த இடைவெளியில் நிறையவே சொல்லலாம். முதல் இரண்டு வாக்கியங்களில் தொகுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: எத்தனை நிலையங்கள், எத்தனை வரிசைகள், எந்த அளவுகள், எந்தக் காலம். தேடல் முடிவுகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவைதான். அடுத்து எப்படி அளந்தீர்கள்: எந்த வகை உணரி, எப்படி அளவுதிருத்தம் செய்தீர்கள், எதை வடிகட்டி நீக்கினீர்கள். அதற்கும் அடுத்ததாக, பலரும் எழுதத் தயங்கும் பகுதி: இந்தத் தரவு எதற்குப் பயன்படாது. இரண்டாவது ஆண்டில் ஓர் உணரி சில வாரங்கள் நின்றுபோயிருந்தால் சொல்லுங்கள். ஆழமான உணரியின் அளவுகள் மழைக்குப் பின் சில மணி நேரம் நம்பத்தகாதவை என்றால் சொல்லுங்கள். குறையைச் சொன்னால் மதிப்பு குறையும் என்று பயப்பட வேண்டாம். வேறொருவர் தரவை நம்பலாமா என்று முடிவெடுக்க நான் முதலில் தேடுவதே அந்தப் பத்தியைத்தான். அது இருந்தால், எழுதியவர் தன் தரவை உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

திறவுச்சொற்களை மனம்போனபடி எழுதுவதைவிட, உங்கள் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலிலிருந்து எடுப்பது நல்லது. மருத்துவத்துக்கு மெஷ், வேளாண்மைக்கு அக்ரோவோக். ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவோக்கில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிலையான முகவரி இருக்கிறது, 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் அதன் பெயர்கள் இருக்கின்றன. அந்த முகவரியை மீதரவில் சேர்த்தால், வேறு மொழியில் தேடுபவரையும் உங்கள் தொகுப்போடு இணைக்க ஓர் அமைப்புக்கு வழி கிடைக்கிறது. ஐந்தாறு சொற்கள் போதும்; 'தரவு', 'ஆய்வு' போன்றவற்றால் ஒரு பயனும் இல்லை.

இடத்தைக் குறிக்கும்போது அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரிசை மாறாமல் பாருங்கள். வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது, வேறு பல இடங்களில் அட்சரேகை முதலில் வரும். மாறிப்போனால் வயலில் நட்ட உணரி கடலில் நிற்கும். அரிய உயிரினங்கள், தனி மனிதர் வீடுகள் போன்றவற்றின் துல்லியமான இடத்தை வெளியிடக் கூடாது. பெரிய கட்டமாகச் சுருக்கி, சுருக்கியிருக்கிறோம் என்றும் எழுதுங்கள்.

இதுவரை சொன்னது தொகுப்பின் வெளிப்பக்கம். உள்ளே இருக்கும் நெடுவரிசைகளுக்கும் மீதரவு வேண்டும், இங்கேதான் பெரும்பாலான தொகுப்புகள் கைவிடுகின்றன. 'எஸ்எம்_2' என்ற நெடுவரிசை உங்களுக்கு இரண்டாம் ஆழத்து மண் ஈரப்பதம். மற்றவருக்கு அது வெறும் எழுத்து. ஆகவே தரவு அகராதி என்று ஒரு தனிக் கோப்பு: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, தரவின் வகை, ஏற்கத்தக்க மதிப்புகளின் எல்லை, விடுபட்ட மதிப்பை எப்படிக் குறித்தீர்கள் என்பது. ஈரப்பதம் கன அளவு விகிதமா எடை விகிதமா, சதவீதமா பின்னமா? நேரம் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா? மணி 10 என்பது அந்த மணிநேரத்தின் தொடக்கமா முடிவா? விடுபட்டதற்கு -9999 போட்டிருந்தால் அதைச் சொல்லாவிட்டால், யாரோ ஒருவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார். காலியாக விடுவதற்கும் பூஜ்யம் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் எழுதுங்கள். அளக்காதது வேறு, அளந்து ஒன்றுமில்லை என்று கண்டது வேறு.

நெடுவரிசையின் வகையைச் சொல்வது சின்ன விஷயமாகத் தெரியலாம். மரபணுத் துறையில் அது எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். 'மார்ச்1', 'செப்ட்1' என்று குறியீடு கொண்ட மரபணுக்களை எக்செல் தேதியென்று எண்ணி மாற்றிவிட்டது. வெளியான பல கட்டுரைகளின் துணைக் கோப்புகளில் இந்தப் பிழை புகுந்தது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-ல் அந்தக் குறியீடுகளையே மாற்றியது. இது எழுத்துச் சரம், தேதியல்ல என்று இயந்திரம் படிக்கும்படி கோப்போடு சேர்த்துச் சொல்லும் வழிகள் இருக்கின்றன. காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகளான சிஎஸ்வி கோப்புகளுக்கு ஃப்ரிக்‌ஷன்லெஸ் டேட்டா பேக்கேஜ் என்ற எளிய விவரிப்பு முறை உண்டு. நெடுவரிசைப் பெயர், வகை, விடுபட்ட மதிப்பின் குறி எல்லாம் அதில் எழுதலாம். இயந்திரக் கற்றலுக்கான தொகுப்பு என்றால், ஸ்கீமா.ஆர்க் மீது கட்டப்பட்ட குரோசான் என்ற வடிவத்தை எம்எல்காமன்ஸ் 2024-ல் வெளியிட்டது. ஹக்கிங் ஃபேஸ், காகிள் போன்ற தளங்கள் அதை ஏற்கின்றன.

துறைத் தரங்களும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். உயிரினப் பதிவுகளுக்கு டார்வின் கோர், சமூக அறிவியல் கணக்கெடுப்புகளுக்கு டிடிஐ, காலநிலைக் கோப்புகளுக்கு சிஎஃப் மரபு, நிலப்பரப்புத் தரவுக்கு ஐஎஸ்ஓ 19115. இவை நெடுவரிசைகளுக்கே ஒப்புக்கொண்ட பெயர்களைத் தருகின்றன. எல்லாரும் ஒரே பெயரைப் பயன்படுத்தினால் பத்துத் தொகுப்புகளைச் சேர்த்து ஆராய்வது ஒரு மதிய வேலையாகிவிடும்.

தொடர்புகளைச் சொல்லும் புலத்தையும் காலியாக விடாதீர்கள். இந்தத் தரவு எந்தக் கட்டுரைக்குத் துணை, எந்த மூலத் தரவிலிருந்து வந்தது, எந்த நிரலால் பதப்படுத்தியது, எதன் புதிய பதிப்பு: ஒவ்வொன்றுக்கும் டேட்டாசைட்டில் உறவுப் பெயர் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து டிஓஐ-யை மட்டும் கொடுத்தால் போதும். கட்டுரையைப் படிப்பவர் தரவுக்கும், தரவைக் கண்டவர் கட்டுரைக்கும் போக இதுவே வழி.

உரிமத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். சிசி0 (உரிமைகளை விட்டுக்கொடுப்பது) அல்லது சிசி பை 4.0 (பெயர் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்பது), இரண்டில் ஒன்றை உரிமப் புலத்திலேயே தெளிவாகப் போடுங்கள். உரிமம் சொல்லாத தரவை எச்சரிக்கையான எவரும் தொட மாட்டார். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்ற நிபந்தனையை நான் தவிர்க்கச் சொல்வேன். எது வணிகம் என்று தீர்மானிக்க முடியாமல் கல்வி நோக்கத்தில் வருபவரும் விலகிவிடுவார். சிசி0 போட்டால் மேற்கோள் கிடைக்காது என்ற பயமும் வேண்டாம். மேற்கோள் காட்டுவது ஆய்வு ஒழுக்கம் சார்ந்த கடமை, உரிமச் சட்டம் இல்லாவிட்டாலும் அது இருக்கும். தனிநபர் தகவல் இருப்பதால் தரவையே திறக்க முடியாத நிலையிலும் மீதரவைத் திறந்து வைக்கலாம். தரவைக் கண்டுபிடிக்கவும் அணுகவும் இணைக்கவும் மறுபடி பயன்படுத்தவும் ஏற்றதாக வைக்கச் சொல்லி 2016-ல் வெளியான ஃபேர் கொள்கைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: தரவு கிடைக்காமல் போனாலும் மீதரவு கிடைக்க வேண்டும். இப்படி ஒன்று இருக்கிறது, இன்னாரிடம் அனுமதி கேட்கலாம் என்று தெரிவதே பெரிய உதவி.

களஞ்சியத்தில் வைக்க முடியாது, சொந்தத் தளத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால், அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல்-க்குள் ஸ்கீமா.ஆர்க் விவரிப்பை, இயந்திரம் படிக்கும் ஜேசன்-எல்டி வடிவத்தில் ஒரு துண்டாகச் சேருங்கள். பெயர், விவரிப்பு, உருவாக்கியவர், உரிமம், காலம், இடம், அளந்த மாறிகள், பதிவிறக்க இணைப்பு ஆகியவை அதில் வரட்டும். தொகுப்புக்கு ஒரு பக்கம் என்று வைத்து, தளவரைபடக் கோப்பிலும் சேருங்கள். துண்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கூகுளும் ஸ்கீமா.ஆர்க்கும் தரும் சோதனைக் கருவிகளில் முகவரியைக் கொடுத்தால் போதும். முன்னே சொன்ன களஞ்சியங்களில் பெரும்பாலானவை இதைத் தாமே செய்கின்றன என்பதால், அங்கே வைத்தவர்களுக்கு இந்த வேலை இல்லை.

நன்றியுரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர்களின் விஷயம். நன்றியுரையை மேற்கோள் எண்ணும் அமைப்புகள் எடுத்துக்கொள்வதில்லை. டிஓஐ சான்றுப் பட்டியலில் வந்தால்தான் கட்டுரைக்கும் தரவுக்கும் இடையே பதிவு உண்டாகும். தரவைக் கட்டுரைக்குச் சமமான மேற்கோளாக நடத்த வேண்டும் என்று 2014-லேயே ஆய்வு வெளியீட்டை மேம்படுத்த முயலும் ஃபோர்ஸ்11 குழுவின் கூட்டறிக்கை சொல்லிவிட்டது. எழுதுபவர்களின் பழக்கம்தான் இன்னும் மெதுவாக மாறுகிறது. அவர்களுக்கு வேலையை எளிதாக்குங்கள். விவரிப்பின் கடைசியிலும் கோப்போடு வரும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பிலும் மேற்கோள் வரியை முழுதாக எழுதி வையுங்கள்: உருவாக்கியவர், அடைப்பில் ஆண்டு, தலைப்பு, பதிப்பு, களஞ்சியம், 'தரவுத்தொகுப்பு' என்ற குறிப்பு, முழு இணைப்பாக டிஓஐ. உங்கள் சொந்தக் கட்டுரையிலும் தரவை இப்படியே சான்றுப் பட்டியலில் சேருங்கள். ஆசிரியரே செய்யாததை மற்றவர் செய்வார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஏற்கெனவே ஏற்றிவிட்டேனே என்கிறீர்கள். அது ஒரு தடையே இல்லை. பெரும்பாலான களஞ்சியங்களில் டிஓஐ மாறாமலே மீதரவை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். கோப்புகளைச் சேர்க்கவோ மாற்றவோதான் புதிய பதிப்பு வேண்டும். எனவே தலைப்பு, விவரிப்பு, ஆர்கிட் எண்கள், தேதி, இடம், உரிமம், தொடர்புகள் ஆகியவற்றை இப்போதுள்ள பதிவிலேயே சரிசெய்யுங்கள். தரவு அகராதியை எழுதி முடித்ததும், கோப்புகளோடு சேர்த்து அடுத்த பதிப்பாக வெளியிடுங்கள். அகராதியை எழுத உட்காரும்போது உங்களோடு களத்தில் அளந்தவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த உணரி எப்போது மாற்றப்பட்டது என்பது போன்றவை அவர்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும். உருவாக்கியவர் பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதையும் அங்கேயே பேசிவிடலாம்.